படிகத்தோடு அதன் வரலாறும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதியியலில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களும் அவர்களுடைய வழிகாட்டிகளும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறோம். பல்கலைக்கழகங்களில் ஒற்றைப் படிக எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவியைப் பொதுச் சேவையாக நடத்துகிறார்கள். புதிதாகத் தயாரித்த சேர்மத்தின் படிகத்தைக் கொடுத்தால், அதில் எந்த அணு எங்கே இருக்கிறது, எதோடு எவ்வளவு தூரத்தில் பிணைந்திருக்கிறது என்பதை அளந்து தருவார்கள். இந்தச் சேவையைப் பற்றி இரண்டு குறைகள் அடிக்கடி காதில் விழுகின்றன: வரிசை நீளம், மாதிரி திரும்பி வந்துவிடுகிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் திரும்பி வரும் மாதிரிகளில் பெரும்பாலானவை கருவியில் கெட்டவை அல்ல. கரைப்பானைத் தேர்ந்தெடுத்தபோதோ, வடிகட்டிக் காயவைத்தபோதோ, விண்ணப்பப் படிவத்தின் பாதிக் கட்டங்களை வெறுமையாக விட்டபோதோ அவை முன்பே கெட்டுவிட்டன. அந்த இடங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

1912இல் ஜெர்மன் இயற்பியலாளர் லாவேயும் அவருடைய இரு கூட்டாளிகளும் படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி முதல் புள்ளிப் படத்தை எடுத்தார்கள். அடுத்த ஆண்டே பிராக் தந்தையும் மகனும் உப்பின் கட்டமைப்பைச் சொல்லிவிட்டார்கள். அன்று ஒரு கட்டமைப்புக்கு மாதங்கள் பிடித்தன. இன்று நல்ல படிகம் கிடைத்தால் தரவு சேகரிப்பு சில மணி நேரத்தில் முடிகிறது, கணக்கைக் கணினி நிமிடங்களில் போட்டுவிடுகிறது. கருவி இவ்வளவு வேகம் பிடித்த பிறகும் மாறாத ஒன்று உண்டு. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே திசையில், ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்ட ஒரு துண்டு வேண்டும். அதைக் கருவியால் செய்துகொள்ள முடியாது.

எவ்வளவு பெரிய துண்டு? ஒவ்வொரு பக்கமும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் சாதாரணக் கருவிக்குப் போதும். மிகச் சிறிய புள்ளியிலிருந்து செறிவான கதிர் தரும் மைக்ரோஃபோகஸ் கதிர்மூலமும் புதிய வகை டிடெக்டரும் உள்ள இடத்தில் 0.05 மில்லிமீட்டரிலும் அளக்கலாம். சிதறும் கதிரின் வலிமை படிகத்தின் கன அளவைப் பொறுத்தது. ஆகவே பக்கம் பாதியானால் வலிமை எட்டில் ஒன்றாகிவிடும். அதற்காகப் பெரிதாக வளர்த்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். கதிர்க்கற்றையைவிட அகலமான படிகம் சில கோணங்களில் கற்றைக்கு வெளியே நீண்டு நிற்கும். கன உலோகம் இருந்தால், படிகமே கதிரை விழுங்கிவிடும் உட்கவர்தலும் தரவைக் கெடுக்கும். மெல்லிய ஊசியும் தகடும்தான் அதிகம் தொல்லை தருகின்றன. ஒரு பக்கம் மில்லிமீட்டர் கணக்கில் நீண்டிருந்தாலும் மறு பக்கம் 0.01 மில்லிமீட்டர் என்றால் கதிர் விழும் கன அளவு மிகக் குறைவு. பல ஊசிகள் ஒட்டிக் கற்றையாக வளர்ந்திருக்கவும் வாய்ப்பு அதிகம்.

படிகம் வளர்ப்பதில் அவசரம்தான் முதல் எதிரி. வினை முடிந்ததும் ரோட்டரி ஆவியாக்கியில் கரைப்பானை இழுத்துவிட்டுக் கிடைக்கும் மினுமினுப்பான தூளைப் படிகம் என்று கொண்டுவருகிறார்கள். மினுமினுப்பு ஒரு சான்று அல்ல. 5 முதல் 10 மில்லிகிராம் தூய்மையான சேர்மத்தை அரை முதல் ஒரு மில்லிலிட்டர் கரைப்பானில் கரைத்து, கண்ணாடிப் பஞ்சு வழியாகவோ 0.45 மைக்ரான் சிரிஞ்சு வடிகட்டி வழியாகவோ வடித்துத் தொடங்க வேண்டும். இந்த வடிகட்டலைத் தவிர்ப்பவர்கள் பலர். கரைசலில் மிதக்கும் ஒவ்வொரு தூசியும் ஒரு படிகத்துக்கு விதையாகிறது. விதைகள் ஆயிரம் என்றால் இருக்கும் சேர்மம் ஆயிரம் துண்டாகப் பிரிந்து தூளாகத்தான் விழும். நமக்கு வேண்டியது ஐந்தாறு விதைகள் மட்டுமே.

மெல்ல ஆவியாக விடுவது எளிய முறை. சிறு குப்பியின் வாயை அலுமினியத் தாளால் மூடி ஊசியால் இரண்டு துளை இட்டு, யாரும் தொடாத இடத்தில் வைத்தால் போதும். இதில் நடக்கும் தவறு, கரைப்பான் முழுவதும் வற்றும்வரை மறந்துவிடுவது. கடைசித் துளி வற்றும்போது அதுவரை கரைசலில் தங்கியிருந்த அழுக்கெல்லாம் படிகத்தின் மேல் படியும். படிக இடைவெளிகளில் இருக்கும் கரைப்பானும் வெளியேறிவிடும். அடியில் திரவம் இருக்கும்போதே நிறுத்திக் குப்பியை இறுக மூட வேண்டும்.

ஆவிப் பரவல் முறைதான் எங்கள் அனுபவத்தில் அதிகம் பலன் தருவது, அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் அதுவே. சேர்மம் நன்றாகக் கரையும் திரவத்தில் அரை மில்லிலிட்டர் கரைசலைச் சிறு குப்பியில் எடுத்து, அதைத் திறந்தபடி பெரிய குப்பிக்குள் நிறுத்துகிறோம். பெரிய குப்பியின் அடியில் 3 முதல் 5 மில்லிலிட்டர் கரைக்காத திரவம். வெளிக் குப்பியை இறுக மூடிவிட்டால், கரைக்காத திரவத்தின் ஆவி மெல்ல உள்ளே போய்க் கரைதிறனைக் குறைக்கும். இது நடக்க வேண்டுமானால் வெளியே உள்ள திரவம் உள்ளே உள்ளதைவிட எளிதில் ஆவியாக வேண்டும். உள்ளே டைகுளோரோமீத்தேன், வெளியே ஹெக்சேன் என்று வைப்பது வழக்கமாகிவிட்டது. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, ஹெக்சேன் 69இல். அதனால் உள்ளிருப்பது வெளியே ஓடுகிறது, சிறு குப்பி இரண்டு நாளில் வற்றித் தூளாகிறது. வெளியே 36 டிகிரியில் கொதிக்கும் பென்டேனையோ 35 டிகிரியில் கொதிக்கும் டைஎத்தில் ஈதரையோ வைத்து, உள்ளே 61 டிகிரியில் கொதிக்கும் குளோரோஃபார்மை வைத்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும். முனைவுத்தன்மை கூடிய சேர்மங்களுக்கு அசிட்டோநைட்ரைலும் ஈதரும், மெத்தனாலும் ஈதரும், டைமெத்தில் ஃபார்மமைடும் ஈதரும் நல்ல இணைகள்.

டைகுளோரோமீத்தேனையும் ஹெக்சேனையும்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் அடுக்கு முறைக்குப் போகலாம். ஒடுங்கிய கண்ணாடிக் குழாயின் அடியில் டைகுளோரோமீத்தேன் கரைசல், அதன் மேல் சுவரை ஒட்டி ஒவ்வொரு துளியாக ஹெக்சேன். ஒன்றின் அடர்த்தி 1.33, மற்றதன் அடர்த்தி 0.66 என்பதால் அடுக்கு நிற்கும். இடையில் அரை மில்லிலிட்டர் அளவுக்கு இரண்டும் கலந்த திரவத்தை ஒரு தாங்கு அடுக்காக விட்டால் கலப்பு இன்னும் மெதுவாக நடக்கும். இதற்கு என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) அளவீட்டுக்கான மெல்லிய குழாயைப் பலர் பயன்படுத்துகிறார்கள். படிகம் நன்றாகவே வளரும். ஆனால் அடியில் ஒட்டிக்கொண்ட படிகத்தைச் சிதைக்காமல் எடுக்கக் குழாயையே அறுக்க வேண்டிவரும். தட்டையான அடியும் அகலமான வாயும் உள்ள குட்டையான குப்பிதான் நுண்ணோக்கிக்கு அடியில் வைக்க ஏற்றது.

வளரும் குப்பிகளை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். வெற்றிடப் பம்பு ஓடும் மேசையிலும் கம்ப்ரஸர் அதிரும் குளிர்பெட்டியின் கதவிலும் வைத்துவிட்டுத் தூள் வந்தது என்று வருந்திப் பயனில்லை. தினமும் எடுத்து ஆட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். எண்ணெயாகப் பிரிந்து வந்தால், பெரும்பாலும் சேர்மம் தூய்மையாக இல்லை அல்லது கரைதிறன் சட்டென்று விழுந்துவிட்டது என்று பொருள். மறுபடி தூய்மைப்படுத்தி, நீர்த்த கரைசலில், குறைந்த வெப்பநிலையில் தொடங்குங்கள். ஒரே கரைப்பானில் பத்து குப்பி வைப்பதைவிடப் பத்து கரைப்பான் இணைகளில் ஒவ்வொரு குப்பி வைப்பது மேல்.

எதற்கும் படியாத சேர்மங்கள் உண்டு. உப்பாக இருந்தால் எதிரயனியை மாற்றிப் பாருங்கள். பெரிய நேர் அயனிக்குச் சிறிய குளோரைடைவிட டெட்ராஃபீனைல் போரேட் போன்ற பெரிய எதிர் அயனி நன்றாகப் பொருந்தி அடுக்கும். அமீன் என்றால் ஹைட்ரோகுளோரைடு உப்பாக்கலாம். ஆல்ககால் என்றால் பாரா புரோமோ பென்சோயேட் எஸ்டராக்கலாம். இதில் புரோமின் வந்து சேர்வதால் கைரல் மூலக்கூறின், அதாவது தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத மூலக்கூறின், இடக்கை வலக்கைக் கேள்விக்கும் விடை கிடைக்கும். தூள் மட்டுமே கிடைக்கிறது என்றால் எலக்ட்ரான் விளிம்பு விளைவு என்ற வழி இன்று இருக்கிறது. மைக்ரான் அளவுக்கும் குறைவான துகளில் அது வேலை செய்யும். அந்த வசதி படிகம் அளக்கும் எல்லா மையத்திலும் இல்லை. இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இனி, வளர்ந்த படிகம் பாழாகும் இடம். வாரக்கணக்கில் காத்திருந்து வளர்த்த அழகான படிகத்தை வடிதாளில் கொட்டி, பம்பு வைத்து இழுத்து, காயவைத்து, பிளாஸ்டிக் குழாயில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பல படிகங்களின் உள்ளே மூலக்கூறுகளுக்கு இடையில் கரைப்பான் மூலக்கூறுகள் உட்கார்ந்திருக்கின்றன. டைகுளோரோமீத்தேன் போன்றவை காற்றில் சில நொடிகளிலேயே வெளியேறும். கண்ணாடிபோல் இருந்த படிகம் வெளிறி, பால் நிறமாகி, விரிசல் விடும். வடிவம் வெளியே அப்படியே இருக்கும், உள்ளே ஒழுங்கு போயிருக்கும். படிகங்களை அவை வளர்ந்த தாய்க்கரைசலிலேயே விட்டு, திருகு மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் கொடுங்கள். மூடியின் உட்புறம் டெஃப்லான் பூச்சு இருந்தால் நல்லது. பாராஃபில்ம் என்ற மெழுகுத் தாளை மட்டும் சுற்றினால் கரைப்பானின் ஆவி அதைக் கரைத்து, அந்த மெழுகு குப்பிக்குள்ளேயே இறங்கும். ஸ்பாட்டுலாவால் சுரண்டாதீர்கள். வாய் அகலமாக வெட்டிய பிப்பெட்டால் திரவத்தோடு சேர்த்து உறிஞ்சி மாற்றலாம். குப்பியை எடுத்துச் செல்லும்போது நிமிர்த்தி வையுங்கள். கரைசலின் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் படிகங்களை நம்ப வேண்டாம், அவை ஏற்கெனவே காய்ந்தவை.

கொடுப்பதற்கு முன், ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் போலரைசர் பொருத்திய நுண்ணோக்கியில் ஒரு முறை பாருங்கள். குறுக்காக வைத்த இரு போலரைசர்களுக்கு நடுவே மேடையைச் சுழற்றினால், நல்ல ஒற்றைப் படிகம் 90 டிகிரிக்கு ஒரு முறை முழுவதும் ஒரே நேரத்தில் இருளும், மறுபடி முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிரும். ஒரு பகுதி இருண்டிருக்க மறு பகுதி ஒளிர்ந்தால் அது இரண்டு படிகங்களின் ஒட்டு. எந்தக் கோணத்திலும் இருளாமல் மங்கலாகவே இருந்தால் பல துண்டுகளின் திரள். எப்போதும் இருட்டாகவே இருந்தால் கனசதுரப் படிகமாகவோ, படிகமே அல்லாத கண்ணாடித் துண்டாகவோ இருக்கலாம். அறுகோண, நாற்கோணப் படிகங்களும் அவற்றின் முக்கிய அச்சு வழியே பார்க்கும்போது இருண்டே தெரியும், ஆகவே புரட்டிப் பார்க்க வேண்டும். இந்த ஐந்து நிமிடச் சோதனை, மையத்தில் இன்னொருவருடைய அரை நாளை மிச்சப்படுத்தும்.

படிவத்தைப் பற்றி வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்பார்க்கும் மூலக்கூறின் படத்தை வரையாமல், "உலோகச் சேர்மம்" என்ற இரண்டு சொற்களோடு வரும் படிவங்கள் உண்டு. எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களால் சிதறுகிறது. வரைபடத்தில் தெரிவது எலக்ட்ரான் அடர்த்தி, தனிமத்தின் பெயர் அதில் எழுதியிருக்காது. கார்பனுக்கு 6 எலக்ட்ரான்கள், நைட்ரஜனுக்கு 7, ஆக்சிஜனுக்கு 8. இவ்வளவு நெருக்கமான எண்களைப் பிரித்தறிய உங்கள் வேதியியல் வேண்டும். வினையில் சேர்த்த எல்லாவற்றையும் எழுதுங்கள்: தொடக்கப் பொருள்கள், வினையூக்கி, காரம், கழுவிய உப்புக் கரைசல், தூய்மைப்படுத்தும் கண்ணாடி நிரலில் (column) ஓடவிட்ட கரைப்பான், படிகமாக்கிய கரைப்பான். அசைடு, பெர்குளோரேட் போல வெடிக்கக்கூடிய தொகுதி இருந்தால் முதல் வரியிலேயே எழுதுங்கள். நச்சு, காற்றுணர்வு, ஈரம் தாங்காமை, ஒளியில் நிறம் மாறுதல் எல்லாமே படிகத்தைத் தொடும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

கரைப்பான் பட்டியல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு விளக்கம். படிகத்தின் இடைவெளியில் இருக்கும் கரைப்பான் சில சமயம் ஒரே இடத்தில் நிற்காமல் பல நிலைகளில் சிதறியிருக்கும். அணு அணுவாக வைக்க முடியாதபோது, அந்த இடைவெளியில் மொத்தம் எத்தனை எலக்ட்ரான்கள் என்று கணினி நிரல் எண்ணிச் சொல்லும். 42 என்று வந்தால் டைகுளோரோமீத்தேன் ஒன்று பொருந்தும். 58 என்றால் குளோரோஃபார்ம். 50 என்று வந்தால்? டொலுயீனுக்கும் 50, ஹெக்சேனுக்கும் 50. டைமெத்தில் ஃபார்மமைடுக்கும் டெட்ராஹைட்ரோஃபியூரானுக்கும் தலா 40. நீங்கள் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதியிருந்தால் ஒரு நொடியில் முடியும் வேலை, எழுதாவிட்டால் ஊகமாகவே அச்சாகும்.

கேள்வி என்ன என்பதையும் எழுதுங்கள். எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்று தெரிந்தால் போதுமா, பிணைப்பு நீளம் துல்லியமாக வேண்டுமா, ஹைட்ரஜன் பிணைப்பு வேண்டுமா, கைரல் மையத்தின் உண்மையான அமைப்பு வேண்டுமா? கதிர்மூலத் தேர்வே இதைப் பொறுத்தது. மாலிப்டினம் கதிரின் அலைநீளம் 0.71073 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), தாமிரத்தினுடையது 1.5418. சிதறலின் வலிமை அலைநீளத்தின் மும்மடியைப் பின்பற்றுவதால், தாமிரக் கதிரில் சிறிய கரிமப் படிகம் சுமார் பத்து மடங்கு வலிமையாகச் சிதறுகிறது. உட்கவர்தலும் அதே போல ஏறுவதால் கன உலோகச் சேர்மங்களுக்கு மாலிப்டினமே நல்லது. இரும்பும் கோபால்ட்டும் தாமிரக் கதிரை உட்கவர்ந்து தாமே ஒளிர்ந்து பின்னணியை உயர்த்திவிடும். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உள்ள மூலக்கூறின் கைரல் அமைப்பைத் தீர்மானிக்கத் தாமிரம்தான் வேண்டும். இந்தக் கேள்வி அளந்து முடித்த பிறகு வந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

மையத்தில் நடப்பது இது. தாய்க்கரைசலிலிருந்து படிகங்களைக் கெட்டியான எண்ணெயில் எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்துத் தேர்ந்து, தேவைப்பட்டால் கூரிய கத்தியால் வெட்டி, மெல்லிய லூப்பில் ஏந்தி, 100 கெல்வினில் (சுமார் மைனஸ் 173 டிகிரி செல்சியஸ்) வீசும் நைட்ரஜன் ஓட்டத்தில் வைப்பார்கள். எண்ணெய் அங்கே கண்ணாடியாக இறுகிப் படிகத்தைப் பிடித்துக்கொள்ளும், காற்றையும் ஈரத்தையும் தடுக்கும். குளிரில் அணுக்களின் அதிர்வு குறைவதால் உயர் கோணத் தரவு கூடுதலாகக் கிடைக்கும். சில படிகங்கள் குளிர்த்தும்போது கட்டமைப்பு மாறி நொறுங்கும். அப்படி நொறுங்குவதைக் கண்டிருந்தால் சொல்லிவிடுங்கள், 200 கெல்வினிலோ அறை வெப்பநிலையிலோ அளப்பார்கள்.

படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச் சிறிய பெட்டிதான் அலகுக்கூடு. முதல் சில படங்களிலேயே அதன் அளவு தெரிந்துவிடும். அங்கே ஒரு எளிய கணக்கு உண்டு. ஹைட்ரஜன் நீங்கலாக ஒவ்வொரு அணுவுக்கும் தோராயமாக 18 கன ஆங்ஸ்ட்ராம். உங்கள் மூலக்கூறில் அப்படி 30 அணுக்கள் என்றால் ஒரு மூலக்கூறுக்கு 540. அலகுக்கூட்டின் கன அளவு 2160 என்று வந்தால் நான்கு மூலக்கூறுகள், சமச்சீரோடும் பொருந்தும். 1620 என்று வந்து மூன்று மூலக்கூறு என்று காட்டினால், கரைப்பான் உள்ளே இருக்கிறதா, படிகம் வேறு ஏதோ சேர்மத்தினுடையதா என்று சந்தேகிக்க வேண்டும். அதே அலகுக்கூட்டை, உலகெங்கும் அளந்த கட்டமைப்புகளைச் சேர்த்துவைக்கும் கேம்பிரிட்ஜ் கட்டமைப்புத் தரவகத்தில் தேடினால், வந்தது உங்கள் தொடக்கப் பொருளா, டிரைஃபீனைல் பாஸ்ஃபீன் ஆக்சைடா என்று தெரிந்துவிடும். நன்றாகப் படிகமாவது பல சமயம் வேண்டாத துணைப்பொருள்தான்.

கையில் வரும் முடிவைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அளந்த தரவுக்கும் நாம் வைத்த கட்டமைப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் ஆர்-1 என்ற எண் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும் என்று எண்ணி அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கரைப்பான் ஒழுங்கின்றிச் சிதறிய சரியான கட்டமைப்பு 8 சதவீதத்தில் நிற்கலாம். தவறான அணுவை வைத்த கட்டமைப்பு 4 சதவீதத்துக்கு இறங்கலாம். அணுக்களின் அதிர்வைக் காட்ட அவற்றை நீள்வட்டத் திண்மங்களாக வரைந்த படத்தை உற்றுப் பாருங்கள். பக்கத்து அணுக்களெல்லாம் ஒரே அளவில் இருக்க ஒன்று மட்டும் ஊதிப் பெருத்திருந்தால், அங்கே வைத்த தனிமம் உண்மையில் இருப்பதைவிடக் கனமானது. சுருங்கி ஊசிமுனையாக இருந்தால் இலேசான தனிமத்தை வைத்திருக்கிறோம். சுருட்டுபோல நீண்டிருந்தால் அந்த அணு இரு நிலைகளில் இருக்கிறது. எல்லா அணுக்களையும் வைத்த பிறகு எஞ்சிய எலக்ட்ரான் அடர்த்தியில் பெரிய முகடு கன உலோகத்துக்கு ஓர் ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் பெரும்பாலும் உட்கவர்தலின் மிச்சம். எங்கோ தனியாக நின்றால் ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம்.

எண்ணெல்லாம் சரியாக இருந்தும் பொருள் தவறிய ஓர் உதாரணம் வேதியியலில் நன்கு தெரிந்தது. மாலிப்டினமும் ஆக்சிஜனும் கொண்ட ஒரு பாஸ்ஃபீன் சேர்மம் நீலமாகவும் பச்சையாகவும் கிடைத்தது. பச்சைப் படிகத்தில் மாலிப்டினம்–ஆக்சிஜன் பிணைப்பு நீண்டிருப்பதாக எக்ஸ் கதிர் காட்டியதால், பிணைப்பு நீளத்தில் மட்டும் வேறுபடும் புதுவகை மாற்றியங்கள் என்று நம்பினார்கள். பிறகு விளங்கியது வேறு. நீலச் சேர்மத்தின் படிகத்துக்குள் ஆக்சிஜனுக்குப் பதில் குளோரின் கொண்ட மஞ்சள் சேர்மம் சிறிதளவு அதே இடங்களில் அமர்ந்திருந்தது. நீலமும் மஞ்சளும் கலந்த பச்சை. ஆக்சிஜனின் இடத்தையும் சற்றுத் தள்ளியிருக்கும் குளோரினின் இடத்தையும் சராசரியாகப் பார்த்ததால் பிணைப்பு நீண்டதுபோல் தெரிந்தது. படிகத்தில் நாம் காண்பது எப்போதும் கோடிக்கணக்கான கூடுகளின் சராசரி. ஒரு பிணைப்பு நீளம் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், கொண்டாடுவதற்கு முன் கலப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹைட்ரஜன் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. ஒரே ஒரு எலக்ட்ரான், அதுவும் பிணைப்பின் பக்கம் இழுபட்டிருக்கும். ஆகவே எக்ஸ் கதிர் காட்டும் கார்பன்–ஹைட்ரஜன் தூரம் 0.95 ஆங்ஸ்ட்ராம் என்றால், அணுக்கருவையே காணும் நியூட்ரான் கற்றை காட்டும் உண்மைத் தூரம் 1.08 அளவில் இருக்கும். பெரும்பாலான ஹைட்ரஜன்கள் கணக்கிட்டு வைக்கப்பட்டவை, கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. கன உலோகத்தோடு பிணைந்த ஹைட்ரஜனான ஹைட்ரைடை எக்ஸ் கதிரை மட்டும் நம்பி அறிவிக்காதீர்கள், என்.எம்.ஆர். சான்றும் சேர்த்துக் கொடுங்கள். கைரல் அமைப்புக்கு ஃபிளாக் எண்ணைப் பார்க்கிறோம். அது பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் சரி, 1க்கு அருகில் இருந்தால் தலைகீழ். ஆனால் அதன் பிழை வரம்பு 0.3 என்று இருந்தால் அந்த எண் எதையும் சொல்லவில்லை. ஒரே கைரல் வடிவம்தான் என்று வேறு வழியில் உறுதியாகியிருந்தால் பிழை வரம்பு 0.1க்குள் வந்தால் ஏற்கலாம், இல்லையென்றால் 0.04க்குள் வர வேண்டும்.

இன்னொன்று. அளந்தது ஒரே ஒரு படிகம், எடை மைக்ரோகிராம் கணக்கு. குடுவையில் இருக்கும் மீதி முழுவதும் அதே பொருள் என்பதற்கு அது சான்றாகாது. கட்டமைப்பிலிருந்து தூள் விளிம்பு விளைவுப் படத்தைக் கணினியில் வரைந்து, உங்கள் தூளை அளந்து ஒப்பிடுங்கள். 100 கெல்வினில் கூடு சற்றுச் சுருங்கியிருப்பதால் அறை வெப்பநிலையில் எடுத்த தூளின் கோடுகள் கொஞ்சம் சிறிய கோணத்துக்கு நகர்ந்திருக்கும், அது பிழை இல்லை. இந்த ஒப்பீடு இல்லாமல் வினையூக்கியின் பண்புகளையும் மருந்தின் கரைதிறனையும் படிகக் கட்டமைப்பை வைத்து விளக்கும் கட்டுரைகள் வருவது எங்களுக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

வழிகாட்டிகளிடமும் பல்கலைக்கழக நிர்வாகங்களிடமும் சில கோரிக்கைகள். மாணவர் தன் படிகத்தை எடுத்து ஏற்றும்போது அருகில் உட்கார அனுமதியுங்கள். எந்தப் படிகம் ஏன் ஒதுக்கப்பட்டது என்று ஒரு முறை பார்த்தால் அடுத்த குப்பியை அவர் வேறு விதமாக வளர்ப்பார். கட்டமைப்பின் விவரமெல்லாம் அடங்கி முடிவோடு வரும் சி.ஐ.எஃப். கோப்பை சர்வதேசப் படிகவியல் ஒன்றியத்தின் செக்சிஃப் சோதனையில் மாணவரே ஓட்டிப் பார்க்கட்டும். அது தரும் கடுமையான ஏ, பி வகை எச்சரிக்கைகளை மறைக்கத் தரவைத் தொடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும், காரணம் இல்லையென்றால் மறுபடி அளக்க வேண்டும். வெவ்வேறு திசைகளில் ஒட்டி வளர்ந்த இரட்டைப் படிகத்தின் தரவைப் பிரித்தெடுக்கவோ சிதறிய பகுதியை மாதிரியாக்கவோ படிகவியலாளர் நாட்கணக்கில் உழைத்திருந்தால் அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும். நன்றியுரையில் ஒரு வரி அந்த உழைப்புக்கு ஈடாகாது.

கருவி எடுத்த மூலப் படங்களை அழிக்காதீர்கள். 2010 தொடக்கத்தில் ஒரு படிகவியல் ஆய்விதழ் குறைந்தது 70 கட்டமைப்புகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஒரே தரவுத் தொகுப்பை வைத்துக்கொண்டு உலோகத்தையும் தொகுதிகளையும் மாற்றி எழுதிப் புதுச் சேர்மங்களாகக் காட்டியிருந்தார்கள். தரவு கோப்பில் இருந்ததால்தான் அது பிடிபட்டது. நேர்மையாக நடக்கும் ஆய்வுக்கும் மூலத் தரவு தேவை. இன்று தீராத இரட்டைப் படிகத்தைச் சில ஆண்டுகள் கழித்து வரும் கணினி நிரல் தீர்த்துவிடலாம்.

அச்சுக்குப் போகாத கட்டமைப்புகளும் ஏராளம். எதிர்பார்த்த பொருள் இல்லை என்று ஒதுக்கியவை, மாணவர் பட்டம் முடித்துப் போனதால் நின்றவை. 1965இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் தரவகம் 2019இல் பத்து லட்சம் கட்டமைப்புகளைத் தாண்டியது. கட்டுரை இல்லாமலேயே ஒரு கட்டமைப்பை அங்கே ஒப்படைக்கலாம், எண் ஒன்று தருவார்கள், உலகில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். மையங்கள் ஆண்டுக்கு ஒரு முறை தங்கள் கணினியில் முடங்கிக் கிடப்பவற்றைப் பட்டியலிட்டு, உரியவர்களிடம் ஒப்புதல் கேட்டு, ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்புதல் கேட்டு வரும் மின்னஞ்சலுக்கு வழிகாட்டிகள் பதில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒற்றைப் படிக எக்ஸ் கதிர் ஆய்வகங்களில் பணிபுரியும் சிலர்